உஷார்! அந்த லாபம் எந்த நாட்டு லாபம்?

பங்குச்சந்தை வாட்ஸ்அப் குரூப்புகளில் ஓர் அட்டவணை அடிக்கடி கண்ணில் படுகிறது. இடது பக்கம் ஓர் இந்தியக் கம்பெனி, வலது பக்கம் அதே தொழிலில் இருக்கும் அமெரிக்கக் கம்பெனி. பி.இ. விகிதம், எபிட்டா மார்ஜின், கடன், பணவரத்து என்று எண்கள் வரிசை கட்டி நிற்கும். கடைசியில் ஒரு வரி: எது மலிவு என்று நீங்களே பாருங்கள்!

அந்த அட்டவணையை நம்பிப் பணம் போடுகிறவர்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை. இடது பக்கத்து லாபமும் வலது பக்கத்து லாபமும் ஒரே பெயரைச் சுமக்கும் இரண்டு வேறு சரக்குகள். இது ஆடிட்டர் தவறும் இல்லை, மோசடியும் இல்லை. சட்டம் சொன்னபடி, கையெழுத்துப் போட்டு, சரியாகத் தயாரித்த கணக்குகள்தான் இரண்டும். ஆனால் எழுதிய விதிப் புத்தகங்கள் வேறு. அதனால்தான் பயப்பட வேண்டியிருக்கிறது. மோசடி என்றால் ஒரு நாள் போலீஸ் வரும், செபி நோட்டீஸ் அனுப்பும். இதற்கு யாரும் வர மாட்டார்கள்.

எவ்வளவு தூரம் மாறும் என்று கேட்பவர்களுக்கு 1993-ஆம் வருஷத்து டைம்லர்-பென்ஸ் கணக்கைக் காட்டினால் போதும். பென்ஸ் கார் தயாரிக்கும் அந்த ஜெர்மன் கம்பெனி, அந்த வருஷம் அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தையில் லிஸ்ட் ஆனது. அங்கே போன முதல் ஜெர்மன் கம்பெனி அதுதான். அமெரிக்க செக்யூரிட்டீஸ் ஆணையம் ஒரு நிபந்தனை போட்டது: உங்கள் நாட்டு முறையில் கணக்குக் காட்டுங்கள், ஆனால் அதே கணக்கு அமெரிக்க முறையில் எவ்வளவு வரும் என்பதையும் வரிவரியாக ஒப்பிட்டுக் காட்டுங்கள். காட்டினார்கள். 1993-க்கு ஜெர்மன் சட்டப்படி 61.5 கோடி மார்க் லாபம். அமெரிக்க முறைப்படி 183.9 கோடி மார்க் நஷ்டம்.

அதே தொழிற்சாலைகள், அதே கார்கள், அதே பன்னிரண்டு மாதம். ஒரு புத்தகத்தில் லாபம், இன்னொன்றில் அதைப்போல மூன்று மடங்கு நஷ்டம்!

காரணம் இதுதான். அன்றைய ஜெர்மன் வணிகச் சட்டம் அடிப்படையில் கடன் கொடுத்தவரைப் பாதுகாக்க எழுதப்பட்டது. வரிக் கணக்கோடும் பின்னிப் பிணைந்தது. நல்ல வருஷத்தில் ‘நாளைக்கு என்ன வருமோ’ என்று தாராளமாக ஒதுக்கீடு செய்துகொள்ளலாம். லாபம் குறைவாகத் தெரியும். கெட்ட வருஷத்தில் அந்த ஒதுக்கீட்டைச் சத்தமில்லாமல் எடுத்து லாபத்தில் சேர்க்கலாம். மறைமுக ரிசர்வ் என்று இதற்குப் பேர். 1993 ஜெர்மன் கார்த் தொழிலுக்கே மோசமான வருஷம். பழைய ஒதுக்கீடுகள் வெளியே வந்து லாபத்தைத் தூக்கி நிறுத்தின. அமெரிக்க விதிகள் அவற்றை அந்த வருஷத்துச் சம்பாத்தியமாக ஏற்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், பங்குதாரர்களின் மொத்த மூலதனம் அமெரிக்கக் கணக்கில்தான் அதிகம். நஷ்டம் காட்டிய புத்தகம்தான் கம்பெனியைப் பணக்காரக் கம்பெனி என்றும் சொன்னது.

அந்த ஒப்பீட்டுப் பக்கம் இருந்ததால்தான் இதெல்லாம் வெளியே தெரிந்தது. 2007 நவம்பரில் அமெரிக்க ஆணையம், சர்வதேசத் தரநிலையான ஐ.எஃப்.ஆர்.எஸ். முறையில் கணக்கு தரும் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. உலகமே ஒரே விதிக்கு வந்துவிடப் போகிறது என்ற நம்பிக்கை அப்போது இருந்தது. 2002-ல் அமெரிக்காவின் தரநிலை வாரியமும் சர்வதேச வாரியமும் இரண்டு புத்தகங்களையும் நெருக்கிக் கொண்டுவருவதாக ஒப்பந்தம் போட்டிருந்தன. 2005-ல் ஐரோப்பிய யூனியன் தன் லிஸ்டட் கம்பெனிகளுக்கு ஐ.எஃப்.ஆர்.எஸ்.ஸைக் கட்டாயமாக்கியது. பிறகு இலங்கையும் மலேசியாவும் 2012-லும், சிங்கப்பூர் 2018-லும் அதோடு பொருந்தும் தரநிலைகளுக்கு மாறின. அமெரிக்கா மாறவில்லை. இன்றும் அங்கே யு.எஸ். கேப் என்ற சொந்த முறைதான். ஜப்பானில் கம்பெனி நான்கு புத்தகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: ஜப்பானிய முறை, அமெரிக்க முறை, சர்வதேச முறை, சர்வதேச முறையை ஜப்பான் கொஞ்சம் திருத்திய இன்னொரு முறை.

நம் நாட்டு இண்ட் ஏ.எஸ். சர்வதேச முறையிலிருந்து வந்ததுதான். 2016 ஏப்ரல் 1 முதல், நிகர மதிப்பு 500 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கம்பெனிகளுக்கு. 2017 ஏப்ரல் 1 முதல், மற்ற லிஸ்டட் கம்பெனிகளுக்கும் 250 கோடியைத் தொட்ட லிஸ்ட் ஆகாத கம்பெனிகளுக்கும். ஆனால் அப்படியே காப்பி இல்லை. அங்கங்கே வெட்டு உண்டு, ஒட்டு உண்டு. ஓர் உதாரணம்: ஒரு கம்பெனியை அதன் மதிப்புக்கும் குறைவான விலைக்கு வாங்கினால், கிடைத்த ஆதாயம் ஐ.எஃப்.ஆர்.எஸ். முறையில் லாபத்தில் ஏறும். நம் முறையில் லாபத்தைத் தொடாமல் மூலதன ரிசர்வுக்குப் போய்விடும்.

இப்போது நேராகப் பர்ஸைத் தொடும் இடங்களுக்கு வருவோம்.

அமெரிக்கப் பங்குகளில் பணம் போடும் நம் ஊர்க்காரர்கள் பலருக்கு வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே மீது ஒரு கண். 2022-ல் அந்தக் கம்பெனி 2,280 கோடி டாலர் நஷ்டம் காட்டியது. 2023-ல் 9,620 கோடி டாலர் லாபம் காட்டியது. தொழில் அப்படியா ஆடியது? இல்லை. 2022-ல் தொழில்களிலிருந்து வந்த இயக்க லாபம் மட்டும் 3,080 கோடி டாலர். 2018-ல் அமெரிக்காவில் ஒரு விதி மாறியது. கையில் வைத்திருக்கும் பங்குகளின் சந்தை விலை ஏறினாலும் இறங்கினாலும், விற்காமலே இருந்தாலும், அந்த வித்தியாசம் காலாண்டுதோறும் லாப நஷ்டக் கணக்கில் ஏற வேண்டும். பஃபெட்டே இந்த விதியைப் பலமுறை திட்டியிருக்கிறார்.

அதே மாதிரி பங்குகளை வைத்திருக்கும் ஓர் இந்திய ஹோல்டிங் கம்பெனியை எடுங்கள். இண்ட் ஏ.எஸ். அதற்கு ஒரு வழி தருகிறது: விலை ஏற்ற இறக்கத்தை லாபத்தில் காட்டாமல், அதற்குக் கீழே ‘இதர விரிவான வருமானம்’ என்ற வரியில் காட்டலாம். அந்த வழியில் போனால், பிறகு பங்கை விற்று நிஜமாகவே பணம் வந்தாலும் அந்த லாபம் லாப நஷ்டக் கணக்குக்குள் வரவே வராது. பங்குகளிலிருந்து லாபத்தில் தெரிவது டிவிடெண்ட் மட்டும். இண்ட் ஏ.எஸ். வருவதற்கு முன்பிருந்த நம்முடைய பழைய ஏ.எஸ். முறையிலோ நீண்டகால முதலீடு வாங்கிய விலையிலேயே உறைந்து கிடக்கும். நிரந்தரச் சரிவு வந்தால்தான் குறைப்பார்கள். ஒரே பங்கு, மூன்று நடத்தை. பெர்க்‌ஷயரின் பி.இ. விகிதத்தையும் ஓர் இந்திய ஹோல்டிங் கம்பெனியின் பி.இ. விகிதத்தையும் பக்கத்தில் வைத்து மலிவு, விலை அதிகம் என்று பேசுகிறவரைப் பார்த்தால் தயவுசெய்து ஒதுங்கிப் போங்கள்.

அடுத்தது வாடகை. இதில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம் என்பது என் கணிப்பு. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வாடகைக் கட்டடங்களில் கடை நடத்தும் ஒரு ரீடெய்ல் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 வருஷக் குத்தகை, வருஷத்துக்கு 10 கோடி ரூபாய் வாடகை, வருஷக் கடைசியில் கட்ட வேண்டும். வாடகைக்கு முந்தைய வருமானம் 18 கோடி. பழைய ஏ.எஸ். முறையில் கணக்கு எளிது: 18-ல் 10 போக எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம், 8 கோடி. அமெரிக்க முறையில், சாதாரணக் கடைக் குத்தகை என்றால், பொறுப்பு பேலன்ஸ் ஷீட்டில் ஏறும். ஆனால் செலவு அதே 10 கோடியாக எபிட்டாவுக்கு மேலேயே நிற்கும். எபிட்டா அதே 8 கோடி.

இண்ட் ஏ.எஸ். 116, 2019 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி அந்த 5 வருஷ வாடகையைக் கடன் போலப் பார்க்க வேண்டும். 10 சதவிகித வட்டியில் கழித்தால் இன்றைய மதிப்பு சுமார் 37.9 கோடி. அது ஒரு பக்கம் சொத்தாகவும் மறுபக்கம் கடனாகவும் ஏறும். வாடகை என்ற செலவே லாப நஷ்டக் கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். அதற்குப் பதில் தேய்மானம் சுமார் 7.6 கோடி, முதல் வருஷ வட்டி சுமார் 3.8 கோடி. இரண்டும் எபிட்டாவுக்குக் கீழே வருகிறவை. ஆக எபிட்டா 18 கோடி!

எட்டு எங்கே, பதினெட்டு எங்கே? கடையில் ஒரு சட்டைகூட அதிகமாக விற்கவில்லை. வீட்டுக்காரருக்குப் போன பணமும் அதே 10 கோடி. வரிக்கு முந்தைய லாபமோ முதல் வருஷத்தில் 8 கோடியிலிருந்து சுமார் 6.6 கோடியாகக் குறைகிறது. கடைசி வருஷத்தில் வட்டி குறைந்துபோவதால் 9.5 கோடியாக உயர்கிறது. ‘லாபம் வருஷாவருஷம் வளர்கிறது’ என்று யாராவது கிராஃப் போட்டுக் காட்டினாலும் ஆச்சரியம் இல்லை.

பணவரத்துக் கணக்கிலும் இதே கதை. பணம் பொய் சொல்லாது என்று சந்தையில் ஒரு நம்பிக்கை. பணம் சொல்லாது; அதை எந்தத் தலைப்பில் எழுதுகிறோம் என்பது சொல்லும். இண்ட் ஏ.எஸ். 7 படி சாதாரணக் கம்பெனி கட்டும் வட்டி ‘நிதி நடவடிக்கை’யில் போகும். அமெரிக்க முறையில் அதே வட்டி ‘இயக்க நடவடிக்கை’யில் கழியும். மேலே சொன்ன வாடகையும் இங்கே நிதி நடவடிக்கைதான். ஆகவே கடன் அதிகம், வாடகை அதிகம் உள்ள இந்தியக் கம்பெனியின் இயக்கப் பணவரத்து, அதே போன்ற அமெரிக்கக் கம்பெனியைவிடப் பளபளப்பாகத் தெரியும். சுமை எங்கே அதிகமோ அங்கேதான் பளபளப்பும் அதிகம்!

விமானக் கம்பெனிகளில் இது இன்னும் ஒரு படி மேலே போகும். குத்தகை பெரும்பாலும் டாலரில். இண்ட் ஏ.எஸ். 116-க்குப் பிறகு வருங்கால வாடகை முழுக்க டாலர் கடனாக பேலன்ஸ் ஷீட்டில் உட்கார்ந்திருக்கிறது. ரூபாய் விழும் ஒவ்வொரு காலாண்டிலும் அந்தக் கடன் முழுவதையும் மறுமதிப்பீடு செய்து நஷ்டம் எழுத வேண்டும். விமானம் நிரம்பிப் பறந்தும் நஷ்டம் என்று செய்தி வரும்போது, அதில் எவ்வளவு பறந்ததால் வந்தது, எவ்வளவு ரூபாய் சரிந்ததால் வந்தது என்று பிரித்துப் பாருங்கள்.

கார்க் கம்பெனிகள் விஷயத்தில் வேறொரு பள்ளம். புது மாடல் உருவாக்கும் செலவை என்ன செய்வது? அமெரிக்க முறையில் ஆராய்ச்சி மேம்பாட்டுச் செலவு அந்தந்த வருஷமே செலவு. ஃபோர்டும் டெஸ்லாவும் அப்படித்தான் எழுதுகின்றன. சர்வதேச முறையிலும் இண்ட் ஏ.எஸ்.ஸிலும், சில நிபந்தனைகள் நிறைவேறினால், மேம்பாட்டுச் செலவைச் சொத்தாக ஏற்றிவிட வேண்டும். பிறகு மெல்ல மெல்லக் கரைக்கலாம். இன்றைய லாபம் அழகாக இருக்கும், பாரம் நாளைக்கு.

அந்த நாளை எப்படி வரும் என்பதை டாடா மோட்டார்ஸ் பங்குதாரர்கள் 2019 பிப்ரவரி 7 அன்று பார்த்தார்கள். 2018 டிசம்பரில் முடிந்த காலாண்டுக்கு சுமார் 26,961 கோடி ரூபாய் நஷ்டம். காரணம், தன் துணை நிறுவனமான ஜாகுவார் லேண்ட் ரோவரின் சொத்துகளில் 27,838 கோடி ரூபாயை ஒரே அடியாக எழுதித் தள்ளியது. அதில் சொத்தாக ஏற்றிவைத்திருந்த தயாரிப்பு மேம்பாட்டுச் செலவும் அடக்கம். மறுநாள் பங்கு ஒரு கட்டத்தில் கிட்டத்தட்ட 30 சதவிகிதம் சரிந்தது. அந்தக் காலாண்டில் பணம் வெளியே போகவில்லை. அது என்றோ போய்விட்டது. அதைச் செலவு என்று ஒப்புக்கொண்டதுதான் அன்றைக்கு. முந்தைய வருஷங்களில் அந்த லாபத்தை அமெரிக்கக் கார்க் கம்பெனிகளின் லாபத்தோடு ஒப்பிட்டவர்கள் எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னும் சில்லறை வித்தியாசங்கள் நிறைய. கடைசியாக வாங்கிய சரக்கு முதலில் விற்றதாகக் கணக்கிடும் லிஃபோ முறை அமெரிக்காவில் இன்றும் செல்லும், இங்கே செல்லாது. எழுதித் தள்ளிய இயந்திரத்தின் மதிப்பு மீண்டால், இங்கே திரும்ப ஏற்றலாம், அங்கே முடியாது. ஜப்பானிய முறையில் குட்வில் அதிகபட்சம் 20 வருஷத்துக்குள் கரைந்தாக வேண்டும். சர்வதேச முறைக்கு மாறிய அன்றே அந்தச் செலவு நின்றுவிடும், லாபம் ‘உயர்ந்துவிடும்’.

விதிப் புத்தகம் நடுவில் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. 2008-ல் ரூபாய் சரிந்து, டாலர் கடன் வாங்கிய கம்பெனிகள் தவித்தன. ஏ.எஸ். 11 படி அந்த நஷ்டம் லாபக் கணக்கில் இறங்க வேண்டும். நிதியாண்டு முடியும் நாளான 2009 மார்ச் 31 அன்று மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது: நீண்டகால அந்நியச் செலாவணிக் கடன் நஷ்டத்தை இயந்திரத்தின் விலையோடு சேர்த்துக்கொள்ளலாம், அல்லது தள்ளிப்போடலாம். முந்தைய தேதியிலிருந்தே செல்லும்படி! ஒரே கெஜட் பக்கத்தில் நஷ்டம் சொத்தாகிவிட்டது. நாம் மட்டும் இல்லை. 2008 அக்டோபரில் ஐரோப்பிய அரசுகளின் நெருக்கடிக்குப் பணிந்து சர்வதேச வாரியமும் வங்கிகளின் முதலீடுகளை வேறு வகைக்கு மாற்றிக்கொள்ள, ஜூலை 1-க்கு முன்தேதியிட்டு அனுமதி தந்தது. நெருக்கடி நேரத்தில் தரநிலை எவ்வளவு வளையும் என்பதற்கு இரண்டும் சாட்சி.

வங்கிகளுக்கு வந்தால் எண்களின் அளவே தலைசுற்ற வைக்கும். 2008 முடிவில் டாய்ச்சே வங்கியின் மொத்தச் சொத்து, ஐ.எஃப்.ஆர்.எஸ். படி சுமார் 2.2 லட்சம் கோடி யூரோ. அமெரிக்க முறையில் அதே வங்கி தானே போட்டுக் காட்டிய கணக்கில் அது பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஒரே ஆளிடம் வர வேண்டியதையும் அவருக்குத் தர வேண்டியதையும் டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களில் கழித்துக்கொள்ள அமெரிக்க விதி தாராளமாக அனுமதிக்கிறது, மற்றது அவ்வளவு எளிதில் அனுமதிப்பதில்லை. வங்கி எவ்வளவு கடன் சுமையில் நிற்கிறது என்ற கேள்விக்கே இரண்டு விடைகள்.

நாட்டுக்கு நாடு இருக்கும் இடைவெளியில் வேண்டுமென்றே புகுந்தவர்களும் உண்டு. அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் காலாண்டு முடிவில் கடன் பத்திரங்களை அடகு வைத்துப் பணம் வாங்கி, அதை விற்பனை என்று எழுதியது. சில நாள் கழித்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. அது நிஜமான விற்பனைதான் என்று சட்டக் கருத்து தர அமெரிக்காவில் எந்த வக்கீல் நிறுவனமும் கிடைக்கவில்லை. லண்டனில், ஆங்கிலச் சட்டப்படி கிடைத்தது. ஆகவே பரிவர்த்தனையை லண்டன் கிளை வழியே ஓட்டினார்கள். 2008-ன் இரண்டாம் காலாண்டு முடிவில் மட்டும் சுமார் 5,000 கோடி டாலர் சொத்து பேலன்ஸ் ஷீட்டிலிருந்து தற்காலிகமாக மறைந்தது. செப்டம்பர் 15-ல் லேமன் திவால். விஷயம் வெளியே வந்தது 2010 மார்ச்சில், நீதிமன்றம் நியமித்த ஆய்வாளரின் அறிக்கையில்.

வெளிநாட்டுப் பங்கே வேண்டாம், உள்ளூரிலேயே இருந்துகொள்கிறேன் என்பவர்களுக்கும் நிம்மதி இல்லை. இந்தியாவுக்குள்ளேயே இரண்டு புத்தகங்கள் ஓடுகின்றன.

கும்பகோணத்துச் சிட்டி யூனியன் வங்கி, கரூர் வைஸ்யா வங்கி, தூத்துக்குடித் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஒரு பக்கம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோழமண்டலம், சுந்தரம் ஃபைனான்ஸ் மாதிரி நிதி நிறுவனங்கள் மறுபக்கம். நம் ஊர் முதலீட்டாளர் இந்த இரண்டு வகையையும் ஒரே தட்டில் வைத்துத்தான் பார்க்கிறார். வங்கிகளுக்கு இண்ட் ஏ.எஸ். வருவதை ரிசர்வ் வங்கி 2019 மார்ச்சில் காலவரையின்றித் தள்ளிவைத்தது; அவை பழைய முறையிலும் ரிசர்வ் வங்கி விதிகளிலும் இருக்கின்றன. பெரிய நிதி நிறுவனங்களோ 2018 ஏப்ரல் முதலே இண்ட் ஏ.எஸ்.

வங்கியில், தவணை 90 நாள் தாண்டி நின்றால்தான் வாராக்கடன். அதுவரை பொதுவாக 0.40 சதவிகித ஒதுக்கீடு போதும். நிதி நிறுவனத்தில், கடன் கொடுத்த அன்றே ‘இதில் எவ்வளவு வராமல் போகும்’ என்று மதிப்பிட்டு ஒதுக்க வேண்டும். கடன்காரர் தடுமாற ஆரம்பித்தாலே ஒதுக்கீடு ஏற வேண்டும். அந்த மதிப்பீட்டைப் போடுவது நிறுவனத்தின் சொந்த மாடல். வாராக்கடனுக்கு வங்கி வட்டி எழுதாது, கைக்கு வந்தால்தான் எழுதும். நிதி நிறுவனம் ஒதுக்கீடு போக மீதித் தொகைக்கு வட்டி எழுதிக்கொள்ளும். கடன் தரும்போது வாங்கும் பிராசஸிங் கட்டணத்தை ஒருவர் உடனே வருமானமாக்கலாம், மற்றவர் கடன் காலம் முழுக்கப் பரப்ப வேண்டும். இப்படி உருவான இரண்டு லாபங்களை வைத்துக்கொண்டு, புத்தக மதிப்பில் எத்தனை மடங்கு என்று பேரம் பேசுகிறோம். 2023 ஜூலை 1-ல் எச்.டி.எஃப்.சி. நிறுவனம் எச்.டி.எஃப்.சி. வங்கியோடு இணைந்தபோது, இண்ட் ஏ.எஸ்.ஸில் இருந்த கணக்கு பழைய முறைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. முந்தைய காலாண்டுகளோடு நேர்க்கோட்டில் ஒப்பிட்டவர்கள் குழம்பியதில் வியப்பில்லை.

எச்.டி.எஃப்.சி. வங்கியும் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியும் நியூயார்க்கிலும் லிஸ்ட் ஆனவை. அதற்காக அங்கே தாக்கல் செய்யும் 20-எஃப் என்ற வருடாந்தர அறிக்கையில் அமெரிக்க முறைக் கணக்கோ, அதோடு ஒப்பீடோ இருக்கிறது. அமெரிக்க ஆணையத்தின் இணையதளத்தில் இலவசம். இங்கே காட்டிய லாபத்தையும் அங்கே காட்டியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தக் கட்டுரையைவிட அது நன்றாகப் பாடம் நடத்தும். ஒன்று மட்டும்: இரண்டு நாட்டில் கணக்குக் கொடுக்கிறார்கள், அதனால் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். 2009 ஜனவரியில் மாட்டிய சத்யமும் நியூயார்க்கில் லிஸ்ட் ஆகி, அமெரிக்க முறையில் கணக்குக் கொடுத்த கம்பெனிதான்.

என்னை மிகவும் பயமுறுத்துவது, சிறு, நடுத்தரக் கம்பெனிகளுக்கான எஸ்.எம்.இ. தளத்து ஐ.பி.ஓ.க்கள். அந்தத் தளத்தில் லிஸ்ட் ஆனதற்காக மட்டும் இண்ட் ஏ.எஸ். கட்டாயம் ஆகாது, ஆகவே பெரும்பாலானவை பழைய ஏ.எஸ்.ஸில் இருக்கின்றன. வர வேண்டிய பாக்கிக்கு, வராது என்று தெரிந்த பிறகு ஒதுக்கினால் போதும். யார் ‘உறவுடைய தரப்பு’ என்ற வரையறையும் குறுகியது. பங்கு ஏறி, கம்பெனி மெயின் போர்டுக்கு வந்தால் இண்ட் ஏ.எஸ்.ஸுக்கு மாற வேண்டும். அங்கேதான் கவனம் வேண்டும். மாறும் தேதியில் பழைய பாக்கிகளுக்குப் புது முறைப்படி கூடுதல் ஒதுக்கீடு தேவைப்பட்டால், அது லாப நஷ்டக் கணக்கு வழியாகப் போகாது. நேராக ரிசர்விலிருந்து கழித்துவிடுவார்கள். சட்டப்படி அதுதான் சரி. ஆனால் அந்தப் பாக்கிகளை விற்பனை என்று காட்டிய வருஷத்தில் லாபம் ஏறியது. போன பணம் எந்த வருஷத்து லாபத்தையும் தொடவே இல்லை. பங்கு வாங்கியவர் பார்த்தது ஏற்றத்தை மட்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே இடம், மாறிய முதல் வருஷ ஆண்டறிக்கையில் வரும் ஒப்பீட்டுக் குறிப்பு. பழைய முறையில் மூலதனம் இவ்வளவு, புது முறையில் இவ்வளவு, வித்தியாசம் இன்ன இன்ன காரணத்தால் என்று அதில் போட்டாக வேண்டும். அரைப் பக்கம், ஒரு பக்கம்தான் இருக்கும். பாக்கிக்கான ஒதுக்கீடு என்ற வரியில் பெரிய தொகை கழிந்திருந்தால், முந்தைய மூன்று வருஷ வளர்ச்சி கிராஃபைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

மற்ற எந்தக் கம்பெனிக்கும் முதல் வேலை, பேலன்ஸ் ஷீட், பணவரத்துக் கணக்குகளுக்கு அடுத்து வரும் குறிப்புகளில் தொடக்கத்திலேயே இருக்கும் ‘கணக்கு தயாரித்த அடிப்படை’ என்ற பத்தியைப் படிப்பது. எந்தப் புத்தகம் என்று அதில் எழுதியிருக்கும். ஒப்பிடும் இரண்டு கம்பெனிகளில் அது வேறு வேறாக இருந்தால், பி.இ.யையும் எபிட்டாவையும் அங்கேயே மூடிவைத்துவிடுங்கள். கட்டிய வாடகை, கட்டிய வட்டி, மேம்பாட்டுக்குப் போன பணம் மூன்றையும் இரண்டு கம்பெனிக்கும் இயக்கப் பணவரத்திலிருந்து கழித்துவிட்டுப் பாருங்கள். ஏற்கெனவே கழிந்திருந்தால் இரண்டாவது முறை கழிக்க வேண்டாம். கச்சாவான வழிதான், ஆனால் வாட்ஸ்அப் அட்டவணையைவிட ஆயிரம் மடங்கு மேல். ஸ்கிரீனர் செயலிகள் இந்த வேலையைச் செய்து தருவதில்லை. பல நாட்டு எண்களை ஒரே நிரலில் கொட்டிவிடுவதோடு சரி.

வங்கிப் பங்கு வைத்திருப்பவர்கள் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்பார்க்கும் நஷ்டத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கும் முறையை 2027 ஏப்ரல் 1 முதல் வணிக வங்கிகளுக்கும் கொண்டுவர ரிசர்வ் வங்கி 2025 அக்டோபரில் வரைவு வெளியிட்டது. கூடுதல் சுமையைத் தாங்கிக்கொள்ள 2031 மார்ச் வரை அவகாசம் என்றும் சொன்னது. அது நடைமுறைக்கு வரும் காலாண்டில் உங்கள் வங்கியின் லாபமோ மூலதனமோ திடீரென்று இறங்கலாம். வங்கி கெட்டுவிட்டது என்று பதறி விற்றுவிடாதீர்கள். அதேபோல், இறங்காத வங்கியைப் பார்த்து உடனே வாங்கியும் விடாதீர்கள். சுமையை எத்தனை வருஷத்துக்குப் பரப்பியிருக்கிறது என்று குறிப்பைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.